கடல் பார்த்த அறை

ஜனவரி 6, 2022 – வியாழன்

பனியன் கம்பெனியில் இன்று முழுக்கக் குழந்தைகள் டீ-ஷர்ட். கழுத்துப் பட்டியில் தையல் விட்ட பீஸாகவே வந்தது. டெய்லர்களிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தால் இங்கே அதற்கு மேல் கத்தல்.

மறுபடி கொரோனா. ராத்திரி ஊரடங்கு. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. கல்யாணத்துக்கு நூறு பேர்தான். தம்பி சசிகுமாருக்கு 27-ஆம் தேதி கல்யாணம். ஊரில் இருப்பதிலேயே பெரிய மண்டபத்தைப் பேசி வைத்திருக்கிறோம்.

"அத்தாப் பெரிய மண்டபத்துல நூறு பேரு அங்கொண்ணும் இங்கொண்ணுமா உக்காந்தா எழவூடாட்ட இருக்கும்" என்றாள் அம்மா.

பெண் தேஜஸ்ரீ சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள்தான் வழி சொன்னாளாம். மகாபலிபுரம் போகிற வழியில் கடலை ஒட்டி ஒரு பெரிய ரிசார்ட். எல்லா அறைகளையும் நாமே எடுத்துக்கொண்டால் நூறு பேருக்குக் கச்சிதமாக இருக்கும், புல்தரையில் பந்தல் போட்டுக்கொள்ளலாம் என்று. தம்பி உடனே தலையாட்டிவிட்டான். அப்பா "ஆகட்டும்" என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் ஆகட்டும்தான்.

பிறகு அவரைக்காய் அரிந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல் அம்மா சொன்னாள்: "இணைச்சீருக்கு சாரதாமணியச் சொல்லீட்டேன்."

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் முதல் நாள் மாலை மாப்பிள்ளையோடு அவன் சகோதரி உட்கார வேண்டும், அதுதான் இணைச்சீர். மறுநாள் பெண் கட்டப்போகும் கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறு முனை இவள் கையில். கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால்தான் பங்காளி வீட்டுப் பெண். சாரதாமணி பெரியப்பா மகள். கூடப் பிறந்தவள் நான். நாலு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் அருள்செல்வன் இறந்துபோனார், அதனால் நான் பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

நான் "சரி" என்றேன். வாய் சொன்னது. சரியில்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன் – சரியில்லை.

ஜனவரி 9 – ஞாயிறு

முழு ஊரடங்கு. திருப்பூரே அடங்கிவிட்டது, எங்கள் ராயபுரத்தில் ஒரு மிஷின் சத்தம் இல்லை. நம் பக்கத்து ஐம்பது பேர் யார் யார் என்று அம்மாவும் அப்பாவும் காலையில் இருந்து சண்டை. என் பெயர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. "நீ இருக்கற கண்ணு" என்று அப்பாவே வந்து சொன்னார். எவ்வளவு பெரிய மனசு.

ஜனவரி 12 – புதன்

இந்தக் கூத்தை எழுதாமல் தூங்க முடியாது.

பத்திரிகை ஐம்பது பேருக்குத்தான். சரி, மற்ற சனத்துக்கு எப்படிச் சொல்வது? போனில் சொன்னால் மரியாதை இல்லையாம். வாட்ஸப்பில் அனுப்பினால் ஏழு தலைமுறைக்குப் பேசுவார்களாம். அதனால் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று சொல்வதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போகிறார்கள்! தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், குங்குமம். "தப்பா நெனச்சுக்காதீங்க, அரசாங்க உத்தரவு, நீங்க வர முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுக்கும் மோரையும் கலரையும் குடித்துவிட்டு, அடுத்த வீடு. கூட்டம் சேரக் கூடாது என்று உத்தரவு போட்டவர்கள் இதைப் பார்த்தால் அழுவார்கள்.

குங்குமம் கொடுக்க சாரதாமணி. "மதுவும் வரட்டுமே" என்று பெரியப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். அம்மா உடனே, "அவளுக்குக் கம்பெனில வேலை கெடக்குதுங்க" என்றாள்.

வேலை கிடக்கிறதுதான். அதுவும் உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிகிறது.

ஜனவரி 14 – பொங்கல்

பால் பொங்கும் நேரத்தில் என்னைப் பின்கட்டிலிருந்து ஏதோ எடுத்து வரச் சொன்னாள் அம்மா. நான் போகவில்லை. அடுப்புக்கு எதிரிலேயே நின்றேன். பால் பொங்கத்தான் செய்தது.

ஜனவரி 19 – புதன்

இரண்டு விஷயம்.

ஒன்று, பட்டுச்சேலை எடுத்தேன். அரக்கு நிறம், பச்சைக் கரை. கடைப் பையனே "கல்யாணப் பொண்ணுக்குங்களா அக்கா?" என்றான். எனக்கு என்றேன். வீட்டில் அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு யாருக்கு என்றாள். அவளிடமும் எனக்கு என்றேன். "இந்தக் கலரா?" "ஆமா, இந்தக் கலர்தான்." பையை மடித்து வைத்துவிட்டுப் போனாள். கம்பெனிக்குப் போகும்போது பொட்டு வைத்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். விசேஷம் என்றால் மட்டும் என் நெற்றி அவள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும்.

இரண்டு, தம்பியிடம் கேட்டுவிட்டேன். எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்தது. கம்பெனியில் கட்டிங் டேபிள் பக்கத்தில் தனியாக இருந்தான்.

"இணைச்சீருக்கு நான் உக்காந்தா உனக்கு என்னடா?"

பேனாவை மூடினான், திறந்தான். "எனக்கு ஒண்ணுமில்லக்கா. அம்மாதான்... இப்ப எதுக்கு அது? நல்ல காரியத்துல சண்டை வேண்டாம்."

அவன் பிறக்கும்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்து, என் ஒரு பக்க இடுப்பே கோணிவிட்டது என்று இன்றைக்கும் வீட்டில் கிண்டல் செய்வார்கள். கிண்டலுக்கு நான் வேண்டும். சீருக்கு வேண்டாம்.

அவனுக்கு ஒன்றுமில்லையாம். ஒன்றுமில்லை என்றால் சொல்ல வேண்டியதுதானே அம்மாவிடம்? கோழை. என் தம்பி கோழை.

ஜனவரி 24 – திங்கள்

ஊரடங்கு முடிந்ததும் விடியற்காலையில் வேன் கிளம்பி, மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தோம். வாசலில் நெற்றிக்குத் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினார்கள். தடுப்பூசிச் சான்று, டெஸ்ட் சான்று எல்லாம் பார்த்து மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டை கட்டினார்கள். இனி வெளியே போனால் உள்ளே வர முடியாது. பதினைந்து வயதுக்குக் கீழ் ஊசி போடாத பிள்ளைகளுக்கு இங்கே அனுமதியே இல்லை, அதனால் குழந்தைச் சத்தம் இல்லாத கல்யாண வீடு.

மேனேஜர் பெயர் டேனியல். இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, கண்ணாலேயே சிரிக்கிறார். குளியலறைத் தொட்டியைப் பார்த்த அம்மா, "இதுல ரெண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டலாம்" என்றாள். நீச்சல் குளத்துத் தண்ணீரைத் தினமும் மாற்றுவார்களா, அந்தத் தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது என்று அப்பா டேனியலைப் பிடித்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது, என் அறையைப் பார்க்கிற வரை.

எல்லாருடைய அறையும் பந்தலைச் சுற்றி. என் அறை மட்டும் கடைசியில், தென்னைகளுக்கு அப்பால், தனியாக. சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே கடல். கட்டில் மேல் துண்டில் செய்த அன்னம்.

"எங்ககிட்ட இருக்கறதுலயே பெஸ்ட் ரூம் மேடம். உங்க அம்மாவே கேட்டு வாங்கினாங்க" என்றார் டேனியல்.

அம்மா எனக்காகக் கேட்டு வாங்கினாளா? அப்புறம் அம்மாவே வந்து சொன்னாள்.

"சீர் நடக்கறப்ப நீ இங்கயே இருந்துக்க கண்ணு. கடல் நல்லாத் தெரியுது. சாப்பாடு ரூமுக்கே வந்துரும். யாரு மூஞ்சியும் நீ பாக்க வேண்டியதில்ல."

அதாவது, யாரும் என் மூஞ்சியைப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு வருஷத்தில் தனிமைப்படுத்தல் என்ற வார்த்தையை ஊரே கற்றுக்கொண்டது. எனக்கு அது பழைய பாடம். இப்போது கடல் காற்றோடு, ஏசியோடு. அன்னத்தைப் பிரித்து முகம் துடைத்தேன்.

ஜனவரி 25 – செவ்வாய்

நாளெல்லாம் அமளி.

சாரதாமணி இன்று காலைதான் தனிக் காரில் வந்தாள். வீடு வீடாகக் குடித்த மோரும் கலரும் அவள் தொண்டையில் உட்கார்ந்திருந்தது. வாசலிலேயே இருமினாள். டேனியலின் ஆட்கள் விடுவார்களா? மூக்கில் குச்சி விட்டு அங்கேயே பார்த்தார்கள். பாசிட்டிவ். ஓரத்தில் ஓர் அறையில் அடைத்துவிட்டார்கள். ஆய்வகத்துக்கும் சளி அனுப்பியிருக்கிறார்கள், முடிவு நாளைக்கு வரும். வராமலும் போகலாம்.

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வேறு யார்? பங்காளி வீட்டுப் பெண் பிள்ளைகள் யாருக்கும் பதினைந்து ஆகவில்லை. ஊரிலிருந்து யாரையாவது வரவழைக்கலாம் என்றால் டெஸ்ட் எடுத்து, முடிவு வந்து, வந்து சேர்வதற்குள் தாலியே கட்டிவிடுவான். வந்திருக்கிற மற்ற பெண்களெல்லாம் நம் பங்காளிக் கூட்டத்துக்கு வாழ வந்த மருமகள்கள், அல்லது மாமன் வழி, இணைக்கு ஆகாது. சீர் நடத்த வந்திருக்கும் அருமைக்காரர் திருமூர்த்தி மாமா, "இணை இல்லாமச் சீர் ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பழச்சாறு குடிக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் அம்மா என் அறைக்கு வந்தாள். கட்டிலில் உட்காரவில்லை.

"கண்ணு, வேற வழியில்ல. அவளுக்கு நல்லபடியா ரிசல்ட் வல்லீன்னா நீதான் உக்காரோணும்."

ஆசைப்பட்டது இதுதான். ஆனால் கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. அவள் குரலைத் தணித்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். பந்தலில் வேண்டாமாம். இந்த அறையிலேயே, திரையை இழுத்துவிட்டு, அருமைக்காரர், அப்பா, அவள், தம்பி, நான். போட்டோக்காரன் கிடையாது. ஐந்து நிமிஷம். வெளியே கேட்டால் சாரதாமணி உட்கார்ந்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

லேபிளை வெட்டிவிட்டுக் காதர்பேட்டைக் கடைகளுக்கு மலிவாக அனுப்புவோமே, பழுதான செகண்ட்ஸ் பீஸ், அப்படி.

"மாட்டேன்" என்றேன்.

"என்ன கண்ணு?"

"மாட்டேம்மா. உக்காந்தா பந்தல்ல உக்காருவேன். எல்லாரு முன்னாடியும். நீ உன்ற கையால எனக்குப் பூ வெச்சு விடோணும். இல்லீன்னா ஆளில்லீன்னு ஓட்டைக்கு அடைப்பு வெக்கறாப்பல என்னையக் கூப்பிடாத."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. கோபம் இல்லை, பயம். "அவன் பொழைக்கோணும் சாமி. தாலி கட்டப்போற பையன். உனக்கு வந்தது வரப்போறவளுக்கும் வந்துட்டா?" என்றாள். சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கதவைத் திறந்துவிட்டேன். போனாள்.

அரை மணி கழித்துத் தம்பி.

"பிடிவாதம் பண்ணாதக்கா. எனக்காக."

"உனக்காகத்தான் கேட்டேன், அன்னிக்குக் கட்டிங் டேபிள்ல. சாரதாமணிக்கு இருமல் வராம இருந்தா இப்ப இந்த ரூமுக்கு வந்திருப்பியாடா?"

கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் கட்டிலை விட்டு எழவில்லை. ஒவ்வொரு தடவையும் நான்தான் துடைத்துவிட வேண்டுமா?

சீரே நடக்காமல் போனால் என்னால்தான் என்பார்கள். சொல்லட்டும்.

ஜனவரி 26 – புதன், காலை

கடற்கரையில் கயிறு கட்டியிருக்கிறார்கள். தண்ணீரில் இறங்கக் கூடாது, அரசு உத்தரவு என்று டேனியல் பணிவாகச் சொன்னார். தலையாட்டினேன். அவர் அந்தப் பக்கம் போனதும் கயிற்றைத் தாண்டிக் கணுக்கால் வரை நின்றேன். தண்ணீர் நல்ல குளிர்.

அதே நாள், மதியம்

ஆய்வக முடிவு வந்துவிட்டது. சாரதாமணிக்கு நெகட்டிவ். அடைத்த அறையைத் திறந்து விட்டுவிட்டார்கள். "சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்று அம்மா அழுது சிரித்தது இந்த அறை வரை கேட்டது.

ஒருவரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. சாப்பாடு தட்டில் வந்தது, மேலே வெள்ளி மாதிரி மூடி போட்டு.

சாரதாமணிக்கு ஒரே நாளில் நெகட்டிவ் வந்துவிட்டது. எனக்கு நாலு வருஷமாக வரவில்லை.

சீர் ஐந்து மணிக்கு. நான் போகப் போகிறேன். உட்காரவா? இல்லை. அதைக் கேட்டு மறுபடி யார் வாசலிலும் நிற்க மாட்டேன். என் தம்பி கல்யாணம், நான் பார்ப்பேன். முன் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு.

ஜனவரி 28 – வெள்ளி, திருப்பூர்

வந்து சேர்ந்துவிட்டோம். நேற்று எழுத முடியவில்லை. முந்தாநாள் நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

அரக்குச் சேலையில் தென்னைகளைத் தாண்டி, நீச்சல் குளத்தைச் சுற்றி, பந்தலுக்குப் போனேன். எல்லாத் தலையும் திரும்பியது. முன் வரிசையில் உட்கார்ந்தேன். நாற்காலிகளை ஆறடிக்கு ஒன்றாகப் போட்டிருந்தார்கள், அதனால் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்று நான் வருத்தப்பட வேண்டியதில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். முதலில் கண்ணை எடுத்தவள் அவள்.

சாரதாமணி நகையெல்லாம் போட்டு, நிறையப் பூ வைத்துத் தயாராக நின்றாள். திருமூர்த்தி மாமா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கூறைச்சேலையைக் கொசுவி ஒரு முனையைத் தம்பி கையில் கொடுத்தார். மறு முனையை எடுத்து சாரதாமணி பக்கம் நீட்டப் போனார்.

"மாமா, சித்தெ இருங்க" என்றான் தம்பி.

என்னைப் பார்த்தான். மேடையிலிருந்தே, எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டான்.

"அக்கா, வா."

"டேய்!" என்றாள் அம்மா.

"சாரதாக்கா வந்துருச்சு, எல்லாஞ் சரியாப் போச்சும்மா. ஆளில்லாம நான் கூப்பிடல. ஆள் இருக்கறப்பவே கூப்பிடறேன்." குரல் உடைந்துவிட்டது அவனுக்கு. "நேத்தே கேட்டிருக்கோணும். அதுக்கு முன்னாடியே கேட்டிருக்கோணும். வாக்கா."

எழுந்திருக்க முடியவில்லை. அத்தனை வீறாப்பாக வந்தவளுக்குக் கால் வரவில்லை. சாரதாமணிதான், "நல்லதாப் போச்சு, எனக்கு மறுபடி இருமல் வேற வருது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். அவள் இருமியதும் இரண்டு வரிசை சனம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தது. அந்தச் சிரிப்பில் எனக்குக் கால் வந்துவிட்டது. போகிற வழியில் அவள் தன் தலைப்பூவில் பாதியைக் கிள்ளி என் கையில் திணித்தாள். நான் அதை நானே வைத்துக்கொண்டேன்.

திருமூர்த்தி மாமாவின் கையில் சேலை முனை அப்படியே நின்றது. அவர் அப்பாவைப் பார்த்தார். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"ஆகட்டும்ங்க" என்றார் அப்பா. "நேரமாகுதுங்க."

இத்தனை வருஷத்தில் அவருடைய ஆகட்டும் எனக்குப் பயன்பட்டது இதுதான் முதல் தடவை.

மாமா முனையை என் கையில் வைத்தார். பட்டு கனமாக இருந்தது. மறுமுனையைத் தம்பி இறுக்கிப் பிடித்திருந்தான், அந்த இழுப்பு சேலை வழியாக எனக்கு வந்தது. போட்டோக்காரன் கிட்டே வந்து எடுத்தான். நான் அழவில்லை என்று எழுதலாம். அழுதேன். மாஸ்க் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அருள்செல்வன் இருந்தபோதுகூட இப்படி ஒரு சந்தோஷம் வந்ததா என்று தெரியவில்லை.

அம்மா எழுந்து புல்தரையின் ஓரத்துக்குப் போய்க் கடலைப் பார்த்து நின்றாள். சீர் முடியும்வரை திரும்பவில்லை.

மறுநாள் காலை தாலி கட்டினான். தேஜஸ்ரீக்குக் கூறைச்சேலை அழகாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம், வேனில் எனக்கு முன் இருக்கையில் இருந்தும், அம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. தப்பு செய்தவள் மாதிரி நான் ஏன் முதலில் பேச வேண்டும்?

பிப்ரவரி 2 – புதன்

சாயப் பட்டறையிலிருந்து துணி வரவில்லை. அம்மாவும் பேசவில்லை.

பிப்ரவரி 6 – ஞாயிறு

ஊரடங்கு இல்லாத ஞாயிறு. கல்யாணத்துக்கு வர முடியாத சனமெல்லாம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க வந்துகொண்டே இருக்கிறது. மதியம் காங்கேயத்திலிருந்து காளியாத்தாள் அத்தை வந்தார், அப்பாவுக்குத் தங்கை முறை. நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆல்பத்தைப் புரட்டிய அத்தை ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இது நம்ம மதுதானே? இணைச்சீருக்கு இவளா உக்காந்தா?"

நான் டம்ளரோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். சண்டை வந்தால் போய்ப் பேசத் தயாராக. என்ன சொல்வதென்றுகூட யோசித்து வைத்துவிட்டேன்.

"அவதானுங்க" என்றாள் அம்மா. "பெத்த புள்ள குத்துக்கல்லாட்ட இருக்கையில வெளில போயி ஆள் தேடுவாங்களா? மண்டபத்துல பண்ணியிருந்தாலும் அவளத்தான் உக்கார வெச்சிருப்பேன்."

பொய். வாய் கூசாத, பச்சைப் பொய்.

அத்தை ஆல்பத்தை மூடினார். பிறகு மெதுவாக, வைகாசியில் அவர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதைச் சொன்னார். மகள் இந்துமதியின் வீட்டுக்காரர் போன வருஷ அலையில் போனவர். அந்தப் பெண் தம்பி கல்யாணத்துக்கு வரவே மாட்டேன், ஓர் அறையில் கிடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

"தப்பொண்ணும் ஆகாதுங்களா?" என்றார் அத்தை.

"என்ன ஆகுது? என்ற மவன் நல்லாத்தான் இருக்கறான், பாருங்க." அம்மாவின் குரல் கொஞ்சம் தடுமாறி, பிறகு நிலைக்கு வந்தது. "அவளைச் சேலை எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க. மாட்டேன்னா சொல்லி விடுங்க, நான் வந்து பூ வெச்சுக் கூட்டியாறேன்."

நான் காபியைக் கொண்டுபோய் வைத்தேன். அம்மா ஒரு வாய் குடித்தாள். பத்து நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்து முதல் வார்த்தை பேசினாள்.

"சக்கரை பத்தல, மது."